ஸ்வெட்டருக்கு மேலே எடுப்பாக நிற்கும் கோட்டு வாங்குவது எப்படி

டொராண்டோவில் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கப் போகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. உள்ளே கனமான ஸ்வெட்டர் போட வேண்டுமே என்று, வழக்கமான அளவைவிட இரண்டு அளவு பெரிய கோட்டை வாங்கிவிடுவார்கள். தோள் தையல் கையில் சரிந்து கிடக்கும், கைநீளம் விரல்களை மூடும், உடம்பு சதுரப் பெட்டிபோலத் தெரியும். அத்தனை பெரிய கோட்டுக்குள்ளும் குளிர் அடிக்கும்.

நம்மைச் சூடாக வைத்திருப்பது துணியின் கனம் மட்டும் இல்லை. ஸ்வெட்டரின் பின்னலுக்குள் அசையாமல் நிற்கும் காற்றும்தான். கோட்டு தொளதொளவென்று இருந்தால் நடக்கும்போதெல்லாம் கீழ்விளிம்பு வழியாகச் சூடான காற்று வெளியேறிக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். இறுக்கமாக இருந்தால் ஸ்வெட்டர் நசுங்கி, காற்று தங்க இடம் இருக்காது. ஆகவே அழகாக நிற்கும் அளவும் நன்றாகச் சூடு தரும் அளவும் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது வாரத்தில் நான்கு நாள் போடும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் இருப்பதிலேயே தடிமனானது வேண்டாம். வருடத்தில் இரண்டு முறை போடுவதற்காகக் கோட்டின் அளவை முடிவு செய்யக் கூடாது. புறப்படும் முன் ஸ்வெட்டருக்கு மேலேயே மார்புச் சுற்றளவை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைப் பட்டன் போட்டுத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் வருவது கோட்டின் மார்பளவு. இது உங்கள் அளவைவிட 3 அங்குலம் கூடுதலாக இருந்தால் பொருத்தம். 2 அங்குலத்துக்குக் கீழே போனால் பட்டன் இழுக்கும். 5 அங்குலத்தைத் தாண்டினால் பெட்டி வடிவம் வந்துவிடும். இணையத்தில் வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரே எண்ணுள்ள அளவு கடைக்குக் கடை மாறும், இஞ்ச் டேப் மாறாது. இன்னொன்று: கோட்டுகளைத் தைக்கும்போதே உள்ளே ஒரு மெல்லிய ஸ்வெட்டருக்கு இடம் விட்டுத்தான் தைப்பார்கள். அதனால் முதலில் உங்கள் வழக்கமான அளவைப் போட்டுப் பாருங்கள். பிறகு தேவைப்பட்டால் ஒரே ஒரு அளவு மேலே போகலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது தோள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் அல்லது அதைத் தாண்டி அரை அங்குலத்தில் உட்கார வேண்டும். எலும்புக்கு உள்ளேயே நின்றால் ஸ்வெட்டர் அங்கே சுருண்டு தடிக்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் கீழே சரிந்தால், வேறு எது சரியாக இருந்தாலும் அந்தக் கோட்டை வைத்துவிடுங்கள். கைநீளத்தைக் குறைக்கலாம், பக்கவாட்டில் பிடித்துக் கொடுக்கலாம். தோளைச் சரிசெய்வதென்றால் கையை, லைனிங்கை, உள்ளே இருக்கும் பஞ்சை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டும். அந்தக் கூலியில் பல சமயம் இன்னொரு கோட்டே வந்துவிடும். தோளைத் தளர்வாகவே வடிவமைத்த கோட்டுகள் இதற்கு விதிவிலக்கு, ஆனால் அவை உயரமானவர்களுக்கே பெரும்பாலும் எடுபடும். கனமான பின்னல் ஸ்வெட்டர் போடுபவர்கள் ராக்லன் கையைத் தேடலாம். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தையல் ஓடும் கை அது. தோளில் தையல் இல்லாததால் ஸ்வெட்டரின் தடிமனுக்கு இடம் கிடைக்கும். சரிந்த தோள் உள்ளவர்களை அது இன்னும் சரிந்தவர்களாகக் காட்டும் என்பதையும் கண்ணாடியில் பாருங்கள்.

அடுத்தது கைக்குழி, அதாவது கோட்டின் உடம்போடு கை சேரும் வளைவு. அது மிகக் கீழே இறங்கியிருந்தால், கையை உயர்த்தும்போது கோட்டு முழுவதும் மேலே ஏறும். பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையைத் தூக்கிப் பாருங்கள்; கீழ்விளிம்பு 2 அங்குலத்துக்கு மேல் ஏறினால் வேண்டாம். பட்டன் போட்டபடியே இரண்டு கையாலும் உங்களையே கட்டிக்கொண்டு பாருங்கள், நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கோட்டின் கை, மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கட்டைவிரல் தொடங்கும் இடம்வரை வந்து ஸ்வெட்டரின் விளிம்பை மறைக்க வேண்டும்.

பிறகு சுருக்கங்களைப் படியுங்கள். பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறிபோலச் சுருக்கம் விழுந்தால் அந்த இடம் இறுக்கம். முதுகின் மேல்பகுதியில் குறுக்குக் கோடுகள் விழுந்தால் முதுகு அகலம் போதவில்லை. அக்குளுக்குக் கீழே நெடுக்காக மடிப்புகள் தொங்கினால் அளவு பெரிது.

நீளத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கோட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே பார்ப்பவர் கண் நிற்கும். இடுப்பின் மிக அகலமான இடத்தில் முடிந்தால் அந்த அகலமே எடுத்துத் தெரியும். மூன்று, நான்கு அங்குலம் இறங்கித் தொடையில் முடிந்தால் அது மறைந்துவிடும். 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே முடிவது நல்லது. பின்கழுத்து எலும்பிலிருந்து சுமார் 34 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். கெண்டைக்கால்வரை தொங்கும் கோட்டு குள்ளமாகக் காட்டும், படியேறும்போது காலில் சிக்கும், காரில் ஏறும்போது சாலையில் தூவிய உப்பு விளிம்பெல்லாம் வெள்ளையாக ஒட்டும். நீளமானதே வேண்டுமென்றால் கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப் உள்ளதாகப் பாருங்கள், உட்கார வசதியாக இருக்கும்.

சுடிதார் போடுபவர்கள் கோட்டுக்கும் டாப்ஸுக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். டாப்ஸ் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் எட்டிப் பார்த்தால் உள்பாவாடை தெரிவதுபோல இருக்கும். ஒன்று அதை முழுக்க மூடுங்கள், இல்லையென்றால் ஒரு கை அகலத்துக்கு மேல் தெரியட்டும். சேலைக்கு மேல் போட, இடுப்பிலிருந்து கீழே விரிந்து முழங்கால்வரை வரும் ராக்லன் கோட்டே சிறந்தது. இடது தோளில் முந்தானை மடிப்பு உண்டாக்கும் தடிமன் அதில் துருத்தாது. பெல்ட் வைத்த கோட்டு கொசுவத்தை அழுத்திக் கலைத்துவிடும்.

சேலை இல்லாதபோதும் பெல்ட் எச்சரிக்கை தேவைப்படும் விஷயம்தான். தடித்த ஸ்வெட்டருக்கு மேல் இறுக்கிக் கட்டினால் மேலும் கீழும் துணி பிதுங்கும். இடுப்பு தெரிய வேண்டுமென்றால் நம் ஊர் ரவிக்கைத் தையலில் சொல்லும் பிரின்சஸ் கட், அதாவது மேலிருந்து கீழே நெடுக்காக ஓடும் தையல்களாலேயே இடுப்பு வடிவம் பெற்ற கோட்டைத் தேடுங்கள். கட்டாமலேயே வடிவம் வரும். மார்பு பெரிதாக உள்ளவர்களும் தொப்பை உள்ள ஆண்களும் ஒற்றை வரிசைப் பட்டனை எடுப்பது நல்லது. இரட்டை வரிசையில் முன்பக்கம் துணி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தடிமனைக் கூட்டும். கோட்டு சூட்டுக்கு மேலே போடுகிற ஆண்கள், உள்ளே இருப்பதன் விளிம்பு வெளியே தெரியாத நீளம் பார்த்தால் போதும்.

வாத்துத் தூவி அடைத்த கோட்டு என்றால் குறுக்குத் தையல்களின் இடைவெளியைப் பாருங்கள். நெருக்கமான வரிகள் உடம்போடு ஒட்டி நிற்கும், அகலமான வரிகள் டயர் அடுக்கியதுபோல உப்பும். கோட்டில் தொங்கும் விவரச் சீட்டில் 600, 750 என்று இருக்கும் எண், ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதைச் சொல்கிறது. எண் கூடக்கூட, குறைந்த எடையிலேயே அதே சூடு கிடைக்கும். அப்படிப்பட்ட கோட்டுக்குள் மெல்லிய மெரினோ (மென்மையான ஆட்டுக் கம்பளி) ஸ்வெட்டரே போதும். தூவி நனைந்தால் அமுங்கிச் சூட்டை இழக்கும். கம்பளி ஓரளவு ஈரத்தைத் தாங்கும். கம்பளிக் கோட்டில் 80 சதவீதம் கம்பளி, மீதி நைலான் என்ற கலவை உருவமும் குலையாது, சீக்கிரம் தேயவும் செய்யாது.

லைனிங்கைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். கைக்குள்ளே வழவழப்பான விஸ்கோஸ் அல்லது அசிடேட் இருக்க வேண்டும். ஃப்ளீஸ் எனப்படும் பொசுபொசுவென்ற துணி இருந்தால் ஸ்வெட்டர் கை அதில் ஒட்டி முழங்கைவரை சுருண்டு ஏறும். உடம்புப் பகுதியில் ஃப்ளீஸ் இருந்து, கையில் மட்டும் வழவழப்பாக இருப்பது தவறில்லை. வௌவால் கை, பலூன் கை ஸ்வெட்டர்கள் எந்தக் கோட்டுக்குள்ளும் ஒழுங்காக உட்காராது.

நிறத்தை வெயில் வெளிச்சத்தில் முகத்தருகே பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாநிறத்துக்கு ஒட்டக நிறம் சில சமயம் தோலோடு கலந்து சோபையைக் குறைக்கும். அரக்கு, பாட்டில் பச்சை, கருநீலம் எடுப்பாக இருக்கும். டொராண்டோவில் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவதால், முழுக் கறுப்புக் கோட்டு எடுத்தால் வெளிர்நிற ஸ்கார்ஃப் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது ஓட்டுநர் கண்ணில் பட வேண்டும்.

அவசரம் இல்லையென்றால் டிசம்பர் 26-க்குப் பிறகு, குறிப்பாக ஜனவரி பிற்பாதியில் விலை இறங்கும். சீட்டைக் கிழிக்காமல் வீட்டில் வேறு இரண்டு ஸ்வெட்டர்களோடு போட்டுப் பாருங்கள். வைத்துக்கொள்வதென்று முடிவானதும், முதுகுப் பக்கக் கீழ்ப்பிளவைப் பெருக்கல் குறிபோலச் சேர்த்துத் தைத்திருக்கும் தடித்த நூலையும் கைவிளிம்பில் லேசாகத் தைத்திருக்கும் கம்பெனித் துண்டையும் சிறு கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். அவை கடையில் தொங்கும்வரை கோட்டு கலையாமல் இருக்கப் போட்டவை. வெட்டாமல் போட்டால் நடக்கும்போது பிளவு விரியாமல் இடுப்பில் இழுக்கும்.