பிள்ளையின் மேலில் பழுப்புப் புள்ளிகளா? தேய்க்காதீர்கள்

பிள்ளையின் மேலில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள், மாதக்கணக்காகியும் போகவில்லை, துவாயால் துடைத்ததும் அந்த இடம் மட்டும் சிவந்து நுளம்பு கடித்தது போல் தடிக்கிறது என்றால், தேமல் களிம்பு பூசிக்கொண்டு இருக்காமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். மாஸ்டோசைட்டோசிஸ் என்ற அரிய நோயாக இருக்கலாம். ஒவ்வாமையில் வேலை செய்யும் மாஸ்ட் கலங்கள் தோலில் அளவுக்கு மேல் சேர்ந்து கிடக்கும், உரசலோ சூடோ பட்டால் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டும், அந்தத் தடிப்பும் கடியும் (அரிப்பும்) அதனால்தான். தொற்றாது. அம்மாள் என்று சொல்லி யாராவது வேப்பிலை அரைத்துத் தேய்க்க வந்தால் தயவுசெய்து விடாதீர்கள், தேய்க்கத் தேய்க்கக் கூடும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காட்டலாம். வைத்தியர் ஒரு புள்ளியை மெதுவாக உரசிப் பார்ப்பார், தேவையென்றால் தோலில் சிறு துண்டு எடுப்பார், இரத்தத்தில் டிரிப்டேஸ் (மாஸ்ட் கலங்கள் விடும் ஒரு பொருள்) அளவும் பார்க்கச் சொல்லலாம். வீட்டில் நீங்கள் உரசிப் பார்க்க வேண்டாம்.

இனி அன்றாடப் பாடு. நம் ஊரில் குளிப்புத்தான் பெரிய சிக்கல். விடியக்காலைக் கிணற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்கும், மத்தியானம் மேல்தாங்கித் தண்ணீர் கொதிக்கும், இரண்டுமே கூடாது. வாளியில் பிடித்து வைத்து, முழங்கையை விட்டுப் பார்த்து, சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருக்கும்போது மெல்ல ஊற்றுங்கள். தும்பு, பீர்க்கங்கூடு ஒன்றும் வேண்டாம். துவாயால் ஒற்றி எடுங்கள். சட்டைக் கழுத்தில் உள்ள லேபலை வெட்டிவிடுங்கள், பருத்தித் துணிதான் நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில் ஓடி விளையாட விடாதீர்கள்.

கடிக்கு வைத்தியர் பெரும்பாலும் செட்டிரிசின் போன்ற, ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து தருவார், அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். காய்ச்சல் வந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பரசிட்டமோல் ஒத்துக்கொள்ளும். ஆனால் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனாக், கொடீன் இவை சிலருக்கு இந்த நோயைக் கிளப்பிவிடும், வைத்தியரைக் கேட்காமல் பார்மசியில் வாங்கவே வேண்டாம். குளவி, தேனீ கொட்டினாலும் கவனம். முகம் சிவந்து, மூச்சு இழுத்து, தலைசுற்றி விழுந்தால் உடனே 1990க்கு அடியுங்கள், அட்ரினலின் ஊசி எழுதித் தந்திருந்தால் அம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் போட்டுவிடுங்கள்.

சிறு வயதில் வந்தது பெரும்பாலும் பருவ வயதுக்குள் மங்கிவிடும், ஆகவே பயந்து ஒடுங்க வேண்டாம். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் அப்படிப் போகாது, எலும்பு மச்சை வரை பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டி வரும்.

நோயின் பெயரையும் ஆகாத மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளிக்கூடப் பைக்குள் வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.