சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. இந்த எண்ணை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, 17 மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்று முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. விமான நிறுவனத்தின் அட்டவணையோ 18½ மணி நேரத்துக்கும் மேல் காட்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, உயரம் ஏறுவது, இறங்குவதற்காகக் காத்திருப்பது ஆகிய எல்லாம் அட்டவணை நேரத்தில் அடங்கும். வகுத்தல் கணக்கில் அடங்குவதில்லை.

குறைந்த தொலைவுள்ள வழியே விரைவானது என்று நம்புவதும் தவறு. இவ்விரு நகரங்களின் தீர்க்கரேகைகள் ஏறக்குறைய 180 பாகை விலகியிருப்பதால், உருண்டையான பூமியின் மேல் இவற்றை இணைக்கும் மிகக் குறுகிய கோடு வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் கோல் வைத்துக் கோடு போடுபவருக்கு இது புலப்படாது. ஆனால் நியூயார்க் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலைக் கடந்தே போகின்றன. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது, கூடுதல் தொலைவு பறந்தாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. இதே காற்றினால்தான் நியூயார்க்கிலிருந்து லண்டன் செல்ல சுமார் 7 மணி நேரமும், திரும்பி வர சுமார் 8 மணி நேரமும் ஆகின்றன. ஆகவே போகும் நேரத்தை இரண்டால் பெருக்கி மொத்தப் பயண நேரம் என்று கொள்ளக் கூடாது.

பழைய பயண நேரத்தையும் நம்ப இயலாது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், 9 மணி நேரத்தில் முடிந்துவந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. இரு விமான நிலையங்களும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

தொலைவின் அலகையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: மேற்சொன்ன 15,340 கிலோமீட்டர் ஏறத்தாழ 9,530 மைல், ஆனால் 8,280 கடல் மைல். 'நேரடி விமானம்' என்ற சொல்லிலும் கவனம் தேவை; விமான எண் மாறாவிட்டால், இடையில் நின்று செல்லும் விமானத்தையும் அப்படி அழைப்பதுண்டு. சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் செல்லும் விமானமும் ஒரே எண்ணில்தான் இயங்குகிறது.

மிகுந்த சிக்கலைத் தருவது கடிகாரமே. பயணச்சீட்டில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பயண நேரம் கிடைக்காது. சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு 18½ மணி நேரம் பறப்பவர், கோடைக்காலத்தில் அதே நாள் காலை 6.30 மணிக்கு நியூயார்க்கில் இறங்குவார். அமெரிக்கா மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே நகர்த்தி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே நகர்த்துகிறது, சிங்கப்பூர் நகர்த்துவதில்லை. அதனால் 12 மணி நேர வேறுபாடு குளிர்காலத்தில் 13 ஆகிறது; மேற்சொன்ன பயணி அப்போது 5.30 மணிக்கே இறங்குவார்.

திரும்பும் வழியில் தேதியே மாறிவிடும். கோடையில் திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறி 19 மணி நேரம் பறப்பவர் சிங்கப்பூரை அடைவது புதன் அதிகாலை 5 மணிக்கு. விடுதி அறையையும், அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ பிடிக்கவேண்டிய அடுத்த விமானத்தையும் செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்துவிட்டால், அவை இரண்டும் வீணாகும்.