பாரம் ஊரில், இலேசு ஒன்லைனில்: கொழும்பில் தூண்டில் சாமான் மலிவாகச் சேர்ப்பது

வெள்ளவத்தை, தெஹிவளைக் கரைகளில் தூண்டில் போடுகிறவருக்குச் செலவு வைப்பது கடலடிப் பாறைதான். ஈயக்குண்டு கல்லிடுக்கில் மாட்டினால் தங்கூசியை (நைலோன் தூண்டில் நூலை) அறுத்துவிட்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு விடியற்காலையில் ஐந்தாறு குண்டு போய்விடும், ஒவ்வொன்றோடும் ஒரு முள்ளும் ஸ்விவலும் (நூல் முறுகாமல் சுழலும் இணைப்பு) சேர்ந்தே போகும். கடையில் ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டுப்படியாகாது.

செலவைக் குறைக்க ஒரு கணக்கு போதும். எடை கூடியதை ஊருக்குள் தேடுங்கள், எடை குறைந்ததை ஒன்லைனில் தேடுங்கள். ஈயத்தைக் கூரியரில் எடுத்தால் மலிவாகக் கிடைத்த இலாபம் அனுப்பும் கூலியிலேயே கரைந்துவிடும். நூறு முள் ஒரு கடித உறைக்குள் அடங்கும்.

முதலில் ஈயம். பழைய ஈயத்தை வாங்கி, நீங்களே உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு செய்யலாம். டயர் கடைகளில் வீல் பலன்ஸ் பண்ணும்போது கழற்றிப் போடும் பழைய ஈயத் துண்டுகள்தான் மலிவானவை. பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன உதிரிப்பாகக் கடைகளும் கராஜ்களும் நெருக்கமாக இருப்பதால் அங்கே விசாரித்துப் பார்க்கலாம். பழைய இரும்புக் கடைகளில் கூரைக்குப் போட்ட ஈயத் தகடு கிடைத்தால் இன்னும் நல்லது. அது மென்மையானது, கலப்புக் குறைந்தது. விலை பேசும்போது கிலோ விலையை 15ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோவில் 60 கிராம் குண்டு 16 வரும், கழிவு போக 15 என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொகை கடைக் குண்டின் விலையில் பாதிக்கு மேல் போனால் உருக்கும் பாட்டுக்குப் பலனில்லை.

பலன்ஸ் துண்டுகள் எல்லாமே ஈயம் என்று நம்பி அள்ளாதீர்கள். இப்போது இரும்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்தே வருகின்றன. காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. மிச்சத்தைக் குறட்டால் கடித்துப் பாருங்கள்: ஈயத்தில் பல் பதியும், நாகத்தில் வழுக்கும். சீமெந்துத் தரையில் போட்டால் ஈயம் 'தொப்' என்று விழும், நாகம் கணீரென்று ஒலிக்கும். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், நாகம் உருக 420 வேண்டும். சூட்டை 380க்குள் வைத்தால் தப்பி விழுந்த நாகத் துண்டு மேலே மிதக்கும், அகப்பையால் எடுத்துவிடலாம். சூடு கூடி நாகமும் கரைந்துவிட்டால் மேற்பரப்பு கஞ்சிபோலத் திரளும், அச்சின் மூலைகளுக்குள் ஓடாது. அந்தத் தாச்சி ஈயம் முழுக்கப் பாழ். சூடு பார்க்க கே வகை புரோப் (உலோகத்தைத் தொட்டுச் சூடு பார்க்கும் கம்பி) வைத்த டிஜிட்டல் வெப்பமானி வேண்டும். முதலாம் குறுக்குத் தெரு எலெக்ட்ரோனிக் கடைகளில் கேளுங்கள். தூர இருந்து சுடும் லேசர் வகை பளபளப்பான உலோகத்தில் பிழையாகக் காட்டும்.

பழைய பற்றரியை மட்டும் தொடவே வேண்டாம். அதன் தகடுகளில் கந்தக அமிலமும் ஆர்செனிக், அந்திமனி போன்றவையும் இருக்கலாம். உருக்கும்போதும் அந்தக் கழிவில் ஈரம் படும்போதும் உயிராபத்தான வாயு வரக்கூடும். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் மறுத்துவிடுங்கள்.

அச்சுக்கு இரண்டு அலுமினியக் கட்டிகள் போதும். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளிலோ அலுமினிய வேலைத்தலங்களிலோ வெட்டுத் துண்டுகளைக் கேளுங்கள். இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து இறுக்கி, பொருத்தின் நடுக்கோட்டில் 12 மில்லிமீற்றர் துளை போடுங்கள். 47 மில்லிமீற்றர் ஆழம் என்றால் குண்டு 60 கிராம், 23 என்றால் 30 கிராம், 70 என்றால் 90 கிராம். பலன்ஸ் ஈயத்தில் இது சற்றுக் குறையும். வாய்ப்பக்கத்தைப் புனல்போல அகட்டுங்கள். அடிப்பக்கத்தில் அரத்தால் சிறு தவாளிப்பு எடுத்து, பித்தளைக் கம்பி வளையத்தின் வால் உள்ளே வளைந்து நிற்கும்படி வைத்துவிட்டால் வளையம் குண்டோடு சேர்ந்தே இறுகும். துளையின் உட்புறத்தில் மெழுகுதிரிப் புகை பிடியுங்கள், ஈயம் ஒட்டாது. பிளாஸ்டர் அச்சு மலிவுதான், ஆனால் வெயிலில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். கொழும்புக் காற்றில் அதை நம்ப முடியாது.

ஈரம்தான் இந்த வேலையின் எமன். ஒரு சொட்டுத் தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். அது உருகிய ஈயத்துக்கு அடியில் நடந்தால் தாச்சி முழுவதும் முகத்துக்கு வரும். ஆகவே துண்டுகளைக் குளிர்ந்த தாச்சியிலேயே போட்டு அடுப்பை மூட்டுங்கள், உருகியதில் புதுத் துண்டு போடாதீர்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை வரும், காலையிலேயே முடித்துவிடுங்கள். திறந்த வெளி வேண்டும். ஃபிளட் பல்கனியோ குசினியோ சரிவராது. தடித்த இரும்புத் தாச்சி, முகக் கவசம், தோல் கையுறை, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து. அந்தத் தாச்சியும் அகப்பையும் இனிச் சமையலுக்கு வரவே கூடாது.

உருகியதும் பட்டாணி அளவு மெழுகு போட்டுக் கிளறுங்கள். தீப்பிடிக்கும், விலகி நில்லுங்கள். மேலே வரும் கறுப்பு மண்டியை வழித்துத் தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். அச்சைத் தாச்சி விளிம்பில் வைத்துச் சூடாக்கிய பிறகே ஊற்றுங்கள். குண்டில் சுருக்கம் விழுந்தால் அச்சுக் குளிர், உறைபனிபோல வெளிறினால் சூடு அதிகம். முதல் நாலைந்து பழுதாவது வழமை, குளிர்ந்து காய்ந்தபின் அடுத்த தடவைக்கு வையுங்கள்.

380 பாகையில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. நஞ்சு உடம்புக்குள் போவது மண்டித் தூளாலும் கழுவாத கையாலும்தான். பிள்ளைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். தூளைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். குண்டைப் பல்லால் கடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் உருக்கவே வேண்டாம். இரும்பு நட் வாங்குங்கள்: எம் 16 நட் ஏறத்தாழ 33 கிராம், எம் 20 ஏறத்தாழ 64 கிராம். கழித்த ஸ்பார்க் பிளக் கராஜில் சும்மாவே கிடைக்கலாம். பாறையில் இழப்பதற்கு இவை தாராளமாகப் போதும், கடலடியில் ஈயம் சேராமலும் இருக்கும். ஈயத்தைவிட இரும்பு அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குப் பருமன் கூடும், அலை சற்றுக் கூடுதலாக இழுக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும்போது இது குறையாகத் தெரியாது. தென்மேல் பருவக்காற்று எழும் மே மாதத்திலிருந்துதான் 90 கிராமுக்குக் குறையாத ஈயம் தேவைப்படும்.

இனி இலேசானவை. டராஸ், இக்மன் இரண்டிலும் தேடலாம். முள் வாங்கும்போது பலர் இலக்கத்தில் பிழை விடுகிறார்கள். 1, 2, 4 என்று இலக்கம் கூடினால் முள் சிறுக்கும். 1/0, 2/0, 3/0 என்று கூடினால் பெருக்கும். பாரை மீனுக்கு 1/0 முதல் 3/0 வரை பார்க்கலாம். ஸ்விவலிலும் வெறும் இலக்கம் கூடினால் அளவு சிறுக்கும். முஸ்டாட் போன்ற பெயர்களுக்குப் போலியும் உலாவுவதால் முதலில் ஒரு சிறு பக்கெட்டை மட்டும் எடுங்கள். முள் நுனியை நகத்தின்மேல் இலேசாக இழுங்கள். கூரான முள் கீறிப் பிடிக்கும், மழுங்கியது வழுக்கும். பிறகு குறட்டில் பிடித்து வளையுங்கள். சற்று விரிந்து திரும்பி வந்தால் நல்லது. விரிந்தபடியே நின்றால் மென்மை கூடியது, பட்டென்று முறிந்தால் பதம் கூடியது. இரண்டும் பெரிய பாரைக்கு நிற்காது.

தங்கூசியில் பெட்டியில் போட்ட பாரத்தை நம்பாமல் தடிப்பைப் பாருங்கள். சாதாரண நைலோன் 0.30 மில்லிமீற்றர் ஆறேழு கிலோவையும், 0.40 பத்து கிலோ அளவையும் தாங்கும். 0.30இல் இருபது கிலோ என்று எழுதியிருந்தால் ஒன்று பாரம் பொய், அல்லது தடிப்பு பொய். வந்ததும் வேர்ணியர் அளவுகருவியால் தடிப்பை அளந்து, ஒரு மீற்றரை முடிச்சுப் போட்டுத் தொங்கு தராசில் மெதுவாக இழுத்து அறுத்துப் பாருங்கள். முடிச்சை இறுக்குமுன் நனையுங்கள், காய்ந்த நைலோன் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலமிழக்கும். சொன்ன பாரத்தில் பாதிக்கும் கீழே அறுந்தால் படம் எடுத்து, திருப்பி அனுப்பும் தவணை முடியுமுன் முறைப்பாடு போடுங்கள்.