பன்னிரண்டு அறை, ஒருபக்கக் குரல்

புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஓட்டலில் பன்னிரண்டு அறைகளுக்கு ஐபி போன், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகப் பேசும் போன், மாட்டினேன். அழைப்புகளை இணைத்துவிடும் எக்ஸ்சேஞ்ச் ஓட்டலில் இல்லை, இணையத்தில் இருக்கிறது. மாலையே மேனேஜர் கூப்பிட்டார்: "தம்பி, நான் பேசுறது எதிர்முனையில இருக்கிறவங்களுக்குக் கேக்குதாம். அவங்க பேசுறதுதான் எனக்கு வரல."

போனைச் சந்தேகப்பட்டு மூன்றை ரீசெட் செய்ததில் அரை நாள் வீண். கோளாறு ரவுட்டரில். இதில் இரண்டு நெறிமுறைகள்: அழைப்பை ஏற்படுத்துவது எஸ்ஐபி, குரலைச் சுமப்பது ஆர்டிபி. குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் போன் எஸ்ஐபி செய்திக்குள்ளேயே எழுதிவிடும். ரவுட்டரில் உள்ள எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி, உதவுகிறேன் பேர்வழி என்று அந்த முகவரியைத் திருத்தப் போய்க் குழப்பிவிட்டது. அதை அணைத்ததும் இரண்டு பக்கமும் கேட்டது.

அப்புறம், சும்மா கிடந்த போன்களுக்கு அழைப்பே வரவில்லை. போனுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே செய்திகள் போவது யூடிபி என்ற முறையில்; பேச்சு மூச்சில்லாத யூடிபி இணைப்பை ரவுட்டர் சீக்கிரமே மறந்துவிடும். 'நான் இருக்கிறேன்' என்று போன் அனுப்பும் கீப் அலைவ் செய்தியை 30 விநாடிக்கு ஒருமுறை என்று வைத்தேன், சரியானது.

கடல் பார்த்த ஓர் அறையில் மட்டும் போன் அடிக்கடி செத்தது. மின்சாரமும் அதே நெட்வொர்க் கேபிளில்தான் வருகிறது. கேபிளைப் போனில் செருகும் ஆர்ஜே45 முனையைக் கழற்றினால் பித்தளைப் பாத்திரம் போலப் பச்சை பூத்திருந்தது. எல்லாம் உப்புக்காற்று! முனையை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை அழுத்திப் பொருத்தி, கிரிம்ப் செய்தேன். மேனேஜர் அந்த அறையிலிருந்தே கீழே கூப்பிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார்.