இடிக்குப் பிறகு ஊமையான ஆம்ப்: புது ஃப்யூஸ் போடுவதற்கு முன்

பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது, வீட்டு விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டின, ஸ்பீக்கர்களுக்குப் பாட்டைக் கொடுக்கும் என் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஊமையாகிவிட்டது. திறந்தால் ஃப்யூஸ் போயிருந்தது. புதுசு போட்டேன். ‘டப்’. அதுவும் போனது. அந்த இரண்டாவது ‘டப்’ உங்களுக்கு வேண்டாம்.

1. பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, போன ஃப்யூஸை வெளிச்சத்தில் பிடியுங்கள். கம்பி மட்டும் அறுந்திருந்தால் பாதிப்பு சின்னதாக இருக்கலாம். கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால் பலமான ஷார்ட். பக்கத்தில் பொத்தான் மாதிரி வட்டச் சில்லு ஒன்று இருக்கலாம், அதுதான் வேரிஸ்டர், வோல்ட் எகிறும்போது அடியை ஏற்கும் பாகம். அது கருகியிருந்தால் நல்ல சகுனம். அடியைத் தான் வாங்கிக்கொண்டிருக்கிறது.

2. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரை வடியுங்கள். நான் மாட்டிக்கொண்ட இடம் இது. பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் ஆகிவிட்டதே என்று அலட்சியமாக இருந்தேன். ஸ்க்ரூடிரைவர் தவறிப் பட்டது. வெள்ளைப் பொறி, நுனியில் ஒரு குழி. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் எஸ்எம்பிஎஸ் (ஆம்புக்கு மின்சாரம் கொடுக்கும்) போர்டின் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். போர்டு உயிரோடிருந்தால் அதைத் தானே குடித்துத் தீர்த்துவிடும். செத்த போர்டில் குடிக்க ஆளில்லை. அதனால் 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரில் உறை போட்ட ஒயர்களைப் பற்றவைத்து, கெபாசிட்டரின் இரு கால்களிலும் சில நொடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரில் வோல்ட் வடிந்துவிட்டதா என்று பாருங்கள். மின்சாரம் கொடுத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். இது பயமாக இருந்தால் இங்கேயே மூடியைப் போட்டுவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள், வெட்கமே இல்லை.

3. மீட்டரை டயோடு நிலையில் வைத்து ரெக்டிஃபையரை, அதாவது ஏசியை டிசியாக்கும் டயோடுகளை, சோதியுங்கள். நல்ல டயோடு ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும். இரு பக்கமும் பூஜ்யம் என்றால் போய்விட்டது. முள் மீட்டர் வேண்டாம், பீப் அடிக்கும் டிஜிட்டல் போதும்.

4. இனிதான் புது ஃப்யூஸும் மின்சாரமும், அதுவும் சீரிஸ் பல்பு வழியாக. லைவ் ஒயரின் பாதையில், மின்சாரம் பல்பைத் தாண்டித்தான் ஆம்புக்குள் போகும்படி, 100 வாட் குண்டு பல்பு. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடுங்கள். பளிச்சென எரிந்து மங்கினால் பிழைத்தது. முழு வெளிச்சத்தில் நின்றால் இன்னும் ஷார்ட், ஆனால் ஃப்யூஸ் தப்பியது. என்னைக் கேட்டால், மீட்டருக்கு அடுத்து வாங்க வேண்டிய கருவி இந்தக் குண்டு பல்புதான்.

5. ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளவு 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், அதன் கம்பிச் சுருள் கருகிவிடும்.

பின்சேர்க்கை: பல்பு எப்போதும் மங்கலாகவே எரிகிறது என்று ஒருவர் எழுதினார். போட்டிருந்தது எல்இடி பல்பு! டங்ஸ்டன் இழை உள்ளதுதான் வேண்டும்.

மறுபடியும்: “பிளக்கைப் பிடுங்கியும் ஹெச்டிஎம்ஐ மட்டும் போய்விட்டது” என்றார் இன்னொருவர். ஆன்டெனா ஒயரைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். இல்லையாம். மின்னல் அந்த ஒயரில் இறங்கி, செட்டாப் பாக்ஸைத் தாண்டி, ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஆம்புக்குள் போயிருக்கிறது. ஆம்பின் ஹெச்டிஎம்ஐ சிப்பை வீட்டில் மாற்ற முடியாது. ஒளி வழியாக ஒலியை அனுப்பும் ஆப்டிகல் வழி உயிரோடிருந்ததால் இப்போது அதில்தான் பாட்டுக் கேட்கிறார்.