ரோமில் தனி வழிகாட்டி: நான் பணம் கொட்டிக் கற்ற தவறுகள்

போன மாதம் சித்தி மகன் தன் ரோம் பயணத்துக்கான முன்பதிவை வாட்ஸப்பில் அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றான். 'பிரைவேட் டூர், எட்டு மணி நேரம், ஆங்கிலம் பேசும் ஓட்டுநருடன்.' படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடங்களுக்கு முன் நான் ஏமாந்ததும் இதே வரியில்தான்.

தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், பர்ஸ் பத்திரம் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காரோட்டுகிறவர் வேறு, வழிகாட்டி வேறு

இத்தாலியில் வழிகாட்டியாக வேலை பார்க்க உரிமம் வேண்டும். கார் ஓட்டுகிறவர் எவ்வளவு சரளமாகப் பேசினாலும் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி நாலு வார்த்தை சொல்வார். அதோடு சரி. பழைய ரோம அரங்கமான கொலோசியத்துக்குள்ளோ வாடிகன் அருங்காட்சியகத்துக்குள்ளோ உங்களோடு வந்து விளக்கிச் சொல்ல அவருக்கு அனுமதி கிடையாது. அன்று எனக்கு இது தெரியாது. 'பிரைவேட்' என்று போட்டிருந்தால் கூடவே ஒருவர் வந்து எல்லாம் சொல்வார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அப்பா, அம்மா, மனைவி, நான். ஓட்டுநர் மீது குறை சொல்ல முடியாது. கதவைத் திறந்துவிட்டார், தண்ணீர் பாட்டில் கொடுத்தார். கொலோசியம் அருகே இறக்கிவிட்டு, "ஒரு மணி நேரத்தில் இதே இடத்தில் நிற்பேன்" என்று போய்விட்டார். வரிசையின் வால் எங்கே என்றே தெரியவில்லை. கையில் டிக்கெட் இல்லை. நாங்கள் கட்டிய தொகையில் டிக்கெட் சேரவில்லை என்பதையே அப்போதுதான் மனைவி ஃபோனில் படித்துக் காட்டினாள். அந்த ஒரு மணி நேரமும் வெயிலில் வரிசையிலேயே போயிற்று. வாசலை எட்டும் முன்பே காருக்குத் திரும்பினோம். "ஏம்ப்பா, இந்தச் சுவரை டிவியிலயே பாத்திருக்கலாமே?" என்றார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்று காருக்குக் கொடுத்த பணத்தில் உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவரை இரண்டு அரைநாள் வைத்திருக்கலாம்.

இரண்டாம் முறை அப்படித்தான் போனேன். ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் கட்டத் தொடங்கி, மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்துவைத்த அரங்கம் கொலோசியம். நடுவில் மரத்தளம் போய்விட்டதால் கீழே இருந்த அறைகளும் நடைகளும் திறந்து கிடக்கின்றன. தெரியாமல் பார்த்தால் இடிந்த குட்டிச்சுவர்கள். விலங்குகளைக் கூண்டோடு மேலே ஏற்றிய இடம் இது, இழுத்தவர்கள் நின்றது அங்கே என்று வழிகாட்டிப் பெண்மணி கைநீட்டிச் சொன்ன பிறகு, அதே சுவர்களை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நிலைமை இன்னும் கறார். கொலோசியம் டிக்கெட்டில் நுழையும் நேரம் குறித்திருக்கும். 2023 முதல் ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: வீட்டில் 'கே. ரமேஷ்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அனுப்புங்கள்.

ஆகவே பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: உள்ளே கூட வரப்போவது யார், அவருக்கு உரிமம் உண்டா? டிக்கெட் யார் வாங்குவது, எத்தனை மணிக்கு? சித்தி மகன் கேட்டான். 'ஓட்டுநர் வெளியே காத்திருப்பார்' என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. ரத்து செய்துவிட்டான்.

இன்னொன்று: பழைய ரோமக் கோயிலான பாந்தியன், திரேவி நீரூற்று எல்லாம் பத்து நிமிட நடையில் அடுத்தடுத்து இருக்கின்றன. நகரின் நடுப்பகுதியில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடும் உண்டு. அங்கே கார் எதற்கு?

சிஸ்டைன் சேப்பலுக்கு முன்பே காதைக் கொடுங்கள்

வாடிகன் அருங்காட்சியகத்தோடு சேர்த்துப் பார்க்கும் சிற்றாலயம் இது. உள்ளே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அதனால் வழிகாட்டிகள் உள்ளே போகுமுன்பே, முற்றத்தில் உள்ள படப் பலகைகளை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். ஓவியர் மைக்கலாஞ்சலோ கூரை ஓவியங்களைத் தீட்டியது 1508 முதல் 1512 வரை. பீடத்துக்குப் பின்சுவரில் உள்ள 'இறுதித் தீர்ப்பு' ஓவியம், இருபது வருடத்துக்கும் மேல் கழித்து அவர் திரும்பி வந்து வரைந்தது. இரண்டுக்கும் நடுவே அவர் கை எப்படி மாறியது என்று வழிகாட்டி விளக்கும் நேரத்தில்தான் நம் கூட்டம் செல்ஃபி எடுக்கப் போய்விடும். பிறகு உள்ளே நின்று, "காசு வாங்கிட்டு வாயே திறக்க மாட்டேங்கிறாரே" என்று முணுமுணுக்கும். முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரே நாளில் கொலோசியமும் வாடிகனும்

முடியும். மாலையில் எதையும் பார்த்ததாக ஞாபகம் இருக்காது.

கிழமை

வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அதுவும் இலவசம். கூட்டத்தைச் சொல்ல வேண்டுமா? கொலோசியத்துக்கு முதல் ஞாயிறு இலவசம், அங்கேயும் அதே கதை. போப் ஊரில் இருந்தால் பெரும்பாலும் புதன் காலை பேதுரு பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பார். பேராலயத்தை அன்று பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடை

வாடிகன் அருங்காட்சியகத்திலும் பேதுரு பேராலயத்திலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வழிகாட்டி சிபாரிசு செல்லாது.

வழிகாட்டியிடம் மரியாதைக்குத் தலையாட்டுவது

அப்பாவுக்கு முட்டி வலிக்கும், பிள்ளைகளுக்கு நாலாவது சிலையோடு அலுத்துவிடும். ஆனாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அவர் மனம் புண்படுமாம். தனியாக ஆள் வைத்ததே நம் நடைக்கு அவர் நடக்கத்தான். "உட்காரலாமா?" என்று கேளுங்கள். எங்கே நிழலும் குழாய்த் தண்ணீரும் இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

செருப்பு

தெருவெல்லாம் கல் பாவியது. புதுச் செருப்பு வேண்டாம்.