ஜன்னல் ஓரப் பூஞ்சை: எந்தத் தண்ணீர் என்று பார்க்காமல் பிரஷ்ஷை எடுக்காதீர்கள்

தீபாவளிக்குப் பெயின்ட் அடித்த சுவர், கார்த்திகை தீபத்துக்குள் ஜன்னல் ஓரத்தில் மறுபடி கறுத்துவிடுகிறது. பெயின்டர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வருஷம், பெயின்ட் மட்டம் என்று மறுவருஷம். சென்னை அடுக்குமாடி வீடுகளில் வருஷா வருஷம் ஓடும் கதை இது.

பூஞ்சையின் விதைத்தூள் வீட்டுக் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கும். அதைத் தடுக்க வழியில்லை. தீனிக்கும் பஞ்சமில்லை, சுவரில் படிந்த தூசி, பெயின்ட், மரச்சட்டம், திரைத்துணி எது கிடைத்தாலும் போதும். நம் கைக்கு அடங்குவது தண்ணீர் மட்டும்தான். நனைந்த இடம் உடனே காய்ந்துவிட்டால் அது முளைக்காது. 24 முதல் 48 மணி நேரம் ஈரமாகவே கிடந்தால் முளைக்கத் தொடங்கிவிடும். ஆகவே பூஞ்சை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், ஏதோ ஒரு தண்ணீர் திரும்பத் திரும்ப வருகிறது. அது எது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை.

கறை எங்கே என்று பார்க்காமல் விடுவது

கறை இருக்கும் இடமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மூலையில் என்றால் சன்ஷேடைப் பாருங்கள். சன்ஷேடும் சுவரும் சேரும் கோட்டில் முடி போன்ற விரிசல் இருக்கும். அல்லது சன்ஷேடின் மேல்பக்கம் வெளியே சரியாமல் தட்டையாக இருந்து, தண்ணீர் தேங்கி, அங்கே ஒரு அரசங்கன்றே முளைத்திருக்கும். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு காடி விட்டிருக்க வேண்டும். சொட்டுகிற தண்ணீர் அந்தக் காடியில் அறுந்து கீழே விழும். காடி இல்லாவிட்டால் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடிச் சுவருக்கு வந்துவிடும். பூச்சு வேலையின்போது ஒரு கம்பியை வைத்து இழுத்தால் முடிகிற வேலை. பல கட்டடங்களில் அதைக்கூடச் செய்திருக்க மாட்டார்கள்.

கீழே இரண்டு மூலைகளிலும் கறை என்றால் ஜன்னல் கதவு ஓடும் டிராக்கையோ ஜன்னலடிக் கல்லையோ சந்தேகப்படலாம். கல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். அறைக்குள் உருண்டு வந்தால், மழையும் அப்படித்தான் வருகிறது.

திசையும் பேசும். வடகிழக்குப் பருவக்காற்றில் சாரல் கிழக்கு, வடக்குச் சுவர்களில்தான் அறைகிறது. சென்னையில் அந்தப் பக்க ஜன்னல்களில் மட்டும் பூஞ்சை என்றால் மழைத்தண்ணீர் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். நாகர்கோவில், கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சுவர் அடி வாங்கும். மழையே இல்லாத நாளிலும், திசைக்கணக்கு எதுவுமின்றி, திரைக்குப் பின்னால் பரவலாகக் கறுப்பு பூத்தால் அது காற்றிலிருந்து வரும் ஈரம். அதைப் பிறகு பார்ப்போம்.

சந்தேகம் தீரவில்லையா? ஓரடிச் சதுரத்தில் கண்ணாடித்தாளை வெட்டி, கறை படிந்த சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோர்த்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளுக்கு மேலே ஈரம் என்றால் அறைக்காற்றிலிருந்து.

வெள்ளையாகப் பொருபொருவென்று பூத்திருப்பது பூஞ்சையே அல்ல, உப்பு. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கரைந்துவிடும். சிமென்டில் இருக்கும் உப்பைத் தண்ணீர் வெளியே கொண்டுவந்து போட்டிருக்கிறது. மருந்து தேவையில்லை, ஆனால் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

டிராக்கின் துளைகளை அடைப்பது

அலுமினியமோ யுபிவிசி பிளாஸ்டிக்கோ, ஸ்லைடிங் ஜன்னலின் டிராக்கில் மழைத்தண்ணீர் வருவது குறையல்ல. வரும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். டிராக்கின் வெளிமுகத்தில், அடியில், சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கும். தண்ணீர் அதன் வழியே வெளியே போய்விட வேண்டும். வேளச்சேரியில் ஒரு கிழக்கு ஜன்னல். இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தும் கீழ்மூலையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு. அந்த வீட்டம்மா ஒரு டம்ளர் தண்ணீரை டிராக்கில் ஊற்றினார். அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மட்டம் இறங்கியது, ஆனால் வெளியே ஒரு சொட்டும் விழவில்லை. சட்டத்தின் மூலை இணைப்பு வழியாகத் தண்ணீர் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே எட்டிப் பார்த்தால், துளைகள் இரண்டையும் யாரோ சிலிக்கான் வைத்து அழகாக மூடியிருந்தார்கள். "எறும்பு வருதுன்னு நான்தான் தம்பி அடைக்கச் சொன்னேன்" என்றார்.

அடைக்காத வீடுகளிலும் தூசி, செத்த கொசு, கொசுவலையின் நார் எல்லாம் சேர்ந்து துளையைத் தூர்த்துவிடும். புரட்டாசியில் ஒரு பழைய பல் பிரஷ்ஷும் ஈர்க்குச்சியும் எடுத்து டிராக்கைச் சுத்தம் செய்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கிடுகிடுவென்று வெளியே போக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். காசு செலவில்லை, ஆள் கூப்பிட வேண்டாம்.

உள்ளே நின்று அடைப்பது

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் சந்து தெரிந்ததும், அறைக்குள் நின்றபடி சிலிக்கான் பிதுக்குவது எல்லோருக்கும் வசதி. வெளியே கயிறு கட்டித் தொங்க வேண்டாம், சாரம் வேண்டாம். ஆனால் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. உள்வாயை அடைத்தால் சுவருக்குள்ளேயே நின்று வேறு வழி தேடும். அடுத்த வருஷம் ஓரடி தள்ளிக் கறை வரும். "டேம்ப் ப்ரூஃப் அடிச்சா போயிடும் சார்" என்று உள்சுவரில் அடிக்கும் பெயின்டுக்கும் இதே கதிதான். பின்னாலிருந்து தள்ளும் ஈரம் அதைக் குமிழ் குமிழாக உப்பவைத்து உரித்துவிடும்.

எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க, மழையில்லாத நாளில் வெளியிலிருந்து ஹோஸ் பிடித்துப் பாருங்கள். கீழிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஜன்னலடிக் கல்லில் பத்துப் பதினைந்து நிமிஷம், பிறகு பக்கச் சந்து, கடைசியில் சன்ஷேடு. உள்ளே ஒருவர் டார்ச்சுடன் நிற்கட்டும். எடுத்த எடுப்பில் மேலே அடித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது.

சிலிக்கானிலும் வகை பார்த்து வாங்குங்கள். பிதுக்கும்போது வினிகர் வாடை அடிப்பது கண்ணாடிக்கு நல்லது. சிமென்டிலும் கடப்பா கல்லிலும் சரியாகப் பிடிக்காது. கடையில் 'நியூட்ரல்' என்று கேட்க வேண்டும். பழைய சிலிக்கான் கறுத்திருந்தால் அதன்மேல் புதிதாக ஒரு வரி இழுப்பதில் பயனில்லை. பூஞ்சை அதற்குள்ளேயே ஊறிவிட்டது. பிளேடால் வெட்டி எடுத்து, துடைத்து, காயவிட்டு, அதன் பிறகுதான்.

ஏசி அறையில் ஜன்னலைத் திறந்து வைப்பது

லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் உறவுக்காரர்கள், "ஜன்னலைத் திறந்து வைங்க, காற்றோட்டம் இருந்தா பூஞ்சை வராது" என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. குளிர்காலத்தில் அங்கே வெளிக்காற்றில் நீர் மிகக் குறைவு. ஈரமெல்லாம் சமையல், குளியல், மூச்சு என்று வீட்டுக்குள் உண்டாவது. திறந்தால் அது வெளியேறும். கார்த்திகை மாதத்துச் சென்னையில் நிலைமை தலைகீழ். ஈரம் வெளியே நிற்கிறது. திறந்தால் உள்ளே வரும்.

காலையில் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுப் பாருங்கள். அங்கே உள்பக்கம் கோடு விழும். இங்கே ஏசி ஓடிய அறையில் வெளிப்பக்கம் விழும். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் நீர் கோர்க்கும். ஏசியை 20, 22 என்று வைத்து இரவெல்லாம் ஓட்டிய அறையில் கண்ணாடி, அலுமினியச் சட்டம், சட்டத்தை ஒட்டிய சுவர் எல்லாமே அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். காலையில் ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறக்கிறோம். ஈரக்காற்று உள்ளே பாய்ந்து குளிர்ந்த சுவரில் படிகிறது. திரையை இழுத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்?

2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மழைக்காலத்தில் அதையும் தாண்டி 26 வைத்து, மின்விசிறியைச் சேர்த்து ஓட்டுவதே மேல். அணைத்த பிறகு சுவர் சூடேறும் வரை ஜன்னலை மூடியே வைத்து ஃபேனை ஓட விடுங்கள். வெயில் தலைகாட்டியதும் திறக்கலாம். ஏசி இல்லாத அறைக்கு இந்தத் தடையெல்லாம் இல்லை; மழை விட்ட நேரத்தில் தாராளமாகத் திறந்து வையுங்கள்.

ஏசியின் செப்புக்குழாய் ஜன்னல் ஓரத்துச் சுவரைத் துளைத்துப் போகிறதா என்றும் பாருங்கள். அந்தத் துளை வெளிப்பக்கம் சரிந்து, சுற்றிலும் அடைபட்டிருக்க வேண்டும். குழாயின் மேல் போர்த்திய கறுப்பு நுரை கிழிந்திருந்தால் குழாய் வியர்த்துச் சொட்டும். ஜன்னலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம், குற்றவாளி இது.

மழைக்காலத்தில் மூடிய அறைக்குள் துணி உலர்த்தினால் ஒன்றிரண்டு லிட்டர் நீரைக் காற்றில் விட்டதாக அர்த்தம். சாம்பிராணி வாடையை மறைக்கும், ஈரத்தை அல்ல. ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் மூடிய பீரோவுக்கு உதவும். திறந்த அறையில் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

துடைக்கும்போது செய்யும் தவறுகள்

இதில் ஒன்று உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றித் தேய்த்தும் கறை போகவில்லை என்று, அதே இடத்தில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் பிளீச்சுடன் சேர்க்கக் கூடாது.

பிளீச் எல்லாவற்றுக்கும் மருந்து என்பதும் சரியல்ல. கண்ணாடி, யுபிவிசி, டைல் போன்ற வழவழப்பான பரப்பில் வேலை செய்யும். பூச்சுச் சுவரிலும் மரத்திலும் மேல்நிறத்தை வெளுக்கும், உள்ளே ஊறியது அப்படியே இருக்கும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நன்றாகக் காயவிடுவதே முதல் வேலை. கடப்பா கல்லில் வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவும் படக்கூடாது. அது சுண்ணாம்புக் கல். அரித்துச் சொரசொரப்பாகி இன்னும் ஈரம் குடிக்கும்.

காய்ந்த பூஞ்சையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தூள் வீடு முழுக்கப் பறக்கும். நனைத்த பிறகே தேய்க்க வேண்டும், என்95 மாஸ்க், கையுறையோடு. ஆஸ்துமா உள்ளவர்களும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் இந்த வேலைக்கு வேண்டாம்.

2021 கோவிட் அலையில் கேள்விப்பட்ட 'கருப்புப் பூஞ்சை' நோய் இதுதானோ என்று பயப்படுபவர்கள் உண்டு. அது வேறு. மியூகோர்மைகோசிஸ் என்ற அந்த நோயில் கறுப்பது செத்துப்போன திசு. பூஞ்சையின் நிறம் அல்ல. ஜன்னல் ஓரத்தில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம் போன்ற வேறு இனங்கள். நிறத்தை வைத்து எது நஞ்சு, எது இல்லை என்று சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை.

பண்டிகைக்குப் பெயின்ட் அடிப்பது

தீபாவளிக்கு முன்னால் என்றால் மழை தொடங்கும் நேரம். பொங்கலுக்கு என்றால் சுவர் பருவமழையைக் குடித்து நிற்கிற நேரம். இரண்டுமே வெளிச்சுவருக்கு ஆகாத மாதங்கள். வெளியே விரிசல் அடைப்பதும், சன்ஷேடுக்குச் சரிவு போடுவதும், வெளிப்பூச்சும் பங்குனி, சித்திரையில் நடக்கட்டும். அது முடிந்து உள்சுவர் காய்ந்த பிறகு, பழைய பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே பெயின்ட். பூஞ்சை எதிர்ப்புப் பெயின்ட் காய்ந்த சுவரில் பயன் தரும். ஈரச் சுவரில் அடித்தால் அதுவும் உரியும்.

புது வீட்டில் உடனே சொந்தச் செலவில் சரிசெய்வது

வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டு ஆகவில்லை என்றால் மேஸ்திரியைக் கூப்பிடும் முன் கட்டுநருக்கு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம், பிரிவு 14(3)இன்படி, அந்தக் காலத்துக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத்தரக் குறையையோ சுட்டிக்காட்டினால் 30 நாளுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஜன்னல் வழிக் கசிவை வாய்ச்சொல்லாகச் சொன்னால் "மழைன்னா கொஞ்சம் இருக்கும் சார்" என்பதோடு முடிந்துவிடும். மின்னஞ்சலில், மழை பெய்யும்போதே எடுத்த படங்களோடு, எந்த அறை, எந்தத் திசை, கறை எந்த மூலையில் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒப்படைப்புக் கடிதத்தின் நகலையும் சேருங்கள், 5 ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான். படம் எடுக்கும் வரை சுவரில் கை வைக்க வேண்டாம். பெயின்ட் அடித்த பிறகு எழுதினால் காட்டுவதற்குக் கறை இருக்காது.